லோகோவைத் துளைப்பதா, வெள்ளை வைத்து மூடுவதா?

மாம்பழ சீசன் வருவதற்கு முன்பே கிருஷ்ணகிரியில் எங்களைப் போன்ற டிசைன் கடைக்காரர்களுக்கு ஒரு சீசன் வந்துவிடும். அட்டைப்பெட்டி, டின் லேபிள், டெம்போ கண்ணாடிக்கு ஸ்டிக்கர், மாங்கனிக் கண்காட்சி ஸ்டாலுக்கு ஃப்ளெக்ஸ், ஆட்களுக்கு டீ-ஷர்ட் என்று எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் கேட்பார்கள். இந்த முறை வந்தவர் மாங்கூழ் தொழில் செய்பவர். அவருக்கு வேண்டிய படம், மூக்கு வளைந்த பெரிய பெங்களூரா மாம்பழம் ஒன்று, கூடவே இரண்டு இலை. பழத்தின் வயிற்றில் அவருடைய லோகோ.

"லோகோவுக்கு கலர் எதுவும் வேணாம் தம்பி. அந்த எடத்துல பழத்தையே வெட்டி எடுத்துடுங்க. பின்னாடி இருக்கிற அட்டை தெரியணும்" என்றார்.

அச்சுக்காரர்கள் இதை 'ரிவர்ஸில் விடுவது' என்பார்கள். மென்பொருள் மொழியில் நாக்அவுட். கேட்பதற்குச் சின்ன வேலை. ஆனால் இல்லஸ்ட்ரேட்டர், கோரல் டிரா, இங்க்ஸ்கேப் என்ற படம் வரையும் மென்பொருள்களில் இதைச் செய்ய நாலைந்து வழிகள் இருக்கின்றன. திரையில் எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியும், வித்தியாசம் மெஷினுக்குப் போன பிறகுதான் வெளியே வரும். அதனால் எந்த வழி நல்லது என்று பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. ஃபைல் எந்த மெஷினுக்குப் போகிறது என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

வழிகளுக்குப் போவதற்கு முன் லோகோவைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். அது அவருடைய அப்பா காலத்து லோகோ. வட்டத்தைச் சுற்றி ஓடும் எழுத்தில் 'தருமபுரி மாவட்டம்' என்று இருக்கிறது. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004-இல். மாற்றிவிடலாமா என்று கேட்டதற்கு, "அப்பா வெச்சது, அப்படியே இருக்கட்டும்" என்றார். மூல ஃபைல் கிடையாது, பழைய லெட்டர்ஹெட்டின் ஸ்கேன்தான். அதை டிரேஸ் செய்தபோதே, அதாவது ஸ்கேன் படத்தைக் கோட்டு வடிவமாக மாற்றியபோதே, முதல் வில்லங்கம் ஆரம்பித்தது. இல்லஸ்ட்ரேட்டரின் இமேஜ் டிரேஸில் 'இக்னோர் ஒயிட்' (புதிய பதிப்புகளில் 'இக்னோர் கலர்') என்பதை டிக் செய்யாவிட்டால், கறுப்பு எழுத்துகளோடு வெள்ளைப் பின்னணியும் ஒரு தனி வடிவமாக வந்து உட்கார்ந்துவிடும். அதைக் கவனிக்காமல் அப்படியே பழத்தில் துளைத்தால் லோகோ வடிவத்தில் ஓட்டை விழாது, ஒரு சதுரம் விழும். டிரேஸ் செய்த லோகோ என்றால், கண்ட்ரோல் ஒய் அழுத்தி, நிறம் நீங்கி வெறும் கோடுகள் தெரியும் அவுட்லைன் வியூவில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலை.

வெள்ளை வைத்து மூடுவது

லோகோவுக்கு வெள்ளை நிறம் கொடுத்துப் பழத்தின் மேல் வைத்துவிடலாம். மூன்று நொடி வேலை. இதைச் சோம்பேறி வழி என்று திட்டுகிறவர்கள் உண்டு, நான் திட்டமாட்டேன். நம் ஊர்களில் ஓடும் ஃப்ளெக்ஸ் மெஷின்களில் பெரும்பாலும் வெள்ளை மையே கிடையாது. வெள்ளை என்று நீங்கள் வைத்த இடத்தில் மெஷின் மை விடாமல் போகும், ஃப்ளெக்ஸின் வெள்ளையே தெரியும். அங்கே வெள்ளைக்கும் ஓட்டைக்கும் வித்தியாசம் இல்லை. கண்காட்சி ஃப்ளெக்ஸுக்கு இதற்கு மேல் மெனக்கெடுவது வீண்.

பழுப்பு அட்டையிலும் கணக்கு இதேதான் என்பது பலருக்குத் தெரியாது. நான்கு நிற அச்சில் வெள்ளை என்பது நான்கு மையும் பூஜ்யம். அதனால் வெள்ளை லோகோ இருக்கும் இடத்தில் கீழே உள்ள மஞ்சளும் சிவப்பும் தானாகவே விலகிக்கொள்ளும், அட்டையின் பழுப்பு தெரியும். அப்படியானால் எதற்கு ஓட்டை போட வேண்டும் என்று கேட்கலாம். இரண்டு காரணங்கள்.

ஒன்று, பிடிஎஃப்பைப் பார்க்கும் வாடிக்கையாளருக்கு லோகோ பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். பெட்டி பழுப்பாக வந்தால் ஏமாந்ததாக நினைப்பார். பிரஸ்காரரும் அதே வெள்ளையைப் பார்த்துவிட்டு, "வெள்ளை மைக்குத் தனி பிளேட் போடணுமா?" என்று போன் செய்வார். போன் செய்தால் நல்லது. செய்யாமல் போட்டுவிட்டால்தான் சிக்கல்.

இரண்டாவது ஓவர்பிரிண்ட். இதில் நான் சூடு பட்டிருக்கிறேன். ஓர் ஊறுகாய் லேபிளில் கறுப்பு எழுத்து ஒன்றுக்கு ஓவர்பிரிண்ட் கொடுத்து வைத்திருந்தேன். கறுப்பு எழுத்துக்கு அது சரியான பழக்கம்தான். பிறகு அதே எழுத்தைக் காப்பி செய்து நிறத்தை மட்டும் வெள்ளையாக மாற்றினேன். நிறம் மாறினாலும் ஓவர்பிரிண்ட் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஓவர்பிரிண்ட் என்றால் கீழே உள்ள நிறத்தை விலக்காமல் அதன் மேலேயே அடிப்பது. வெள்ளையோ மை இல்லாதது. இல்லாத மையை மேலே அடித்தால் என்ன தெரியும்? பிராண்ட் பெயரே இல்லாத லேபிள் வந்தது. திரையில் கடைசி நிமிடம் வரை பெயர் இருந்தது. அன்றிலிருந்து அனுப்புவதற்கு முன் ஓவர்பிரிண்ட் ப்ரிவியூவைப் போட்டுப் பார்க்கிறேன். இல்லஸ்ட்ரேட்டரில் ஆல்ட், ஷிஃப்ட், கண்ட்ரோல், ஒய் நான்கையும் சேர்த்து அழுத்தினால் வரும். டாக்குமெண்ட் செட்டப்பில் வெள்ளையின் ஓவர்பிரிண்டைக் கழித்துவிடும் டிக் ஒன்றும் இப்போது இருக்கிறது. அதை நம்பி மட்டும் இருக்க வேண்டாம்.

நிஜமாகவே வெட்டுவது

இல்லஸ்ட்ரேட்டரில் பாத்ஃபைண்டரின் மைனஸ் ஃப்ரண்ட், கோரலில் டிரிம் அல்லது பேக் மைனஸ் ஃப்ரண்ட், இங்க்ஸ்கேப்பில் டிஃபரன்ஸ். பெயர் வேறு, வேலை ஒன்று. மேலே உள்ள வடிவம் கீழே உள்ள வடிவத்தைக் குக்கி கட்டர் மாதிரி வெட்டிவிடும். ஓட்டை உண்மையான ஓட்டை. எந்த மென்பொருளில் திறந்தாலும் ஓட்டையாகவே இருக்கும். கோரலில் டிரிம் கொடுக்கும்போது லோகோவை முதலில் தேர்ந்து, பிறகு ஷிஃப்ட் பிடித்துப் பழத்தைத் தேர வேண்டும். கடைசியாகத் தேர்ந்ததுதான் வெட்டுப்படும். வெட்டிய பிறகும் லோகோ அதே இடத்தில் இருக்கும், எடுத்துவிட வேண்டும்.

கீழே இருப்பது ஒரே வடிவமாக இருந்தால் இதைவிடச் சுத்தமான வழி இல்லை. என் மாம்பழம் அப்படி இல்லை. உடம்பு, கன்னத்துச் சிவப்பு, நிழல், பளபளப்பு, இலை, இலை நரம்பு என்று பதினான்கு துண்டுகள். எல்லாவற்றையும் லோகோவோடு சேர்த்துத் தேர்ந்து மைனஸ் ஃப்ரண்ட் அழுத்தினால், இல்லஸ்ட்ரேட்டர் ஆக அடியில் உள்ள ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மேலே உள்ள அனைத்தையும் அதிலிருந்து கழித்துவிடும். பழமும் போய் லோகோவும் போய், ஓரத்தில் ஒரு துணுக்கு மிஞ்சும். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் எல்லோரும் ஒருமுறையாவது "அண்ணா, பழத்தைக் காணோம்" என்று கத்தியிருக்கிறார்கள். இங்க்ஸ்கேப்பின் டிஃபரன்ஸ் இரண்டே பொருள்களைத்தான் ஏற்கும். ஆக, துண்டு துண்டாகப் பதினான்கு முறை வெட்ட வேண்டும். நிழலுக்கு, நிறம் வலைபோலக் கலந்து மாறும் மெஷ் கிரேடியண்ட் போட்டிருந்தாலோ, பழம் போட்டோவாக இருந்தாலோ இந்தக் கத்தி அதன்மேல் இறங்கவே இறங்காது.

இன்னொரு தொல்லை கோடு. லோகோவில் அவுட்லைன் கொடுத்துத் தடிமனாக்கிய எழுத்து இருந்தால், பாத்ஃபைண்டர் அந்தத் தடிமனைக் கண்டுகொள்ளாது. உள்ளே ஓடும் பாதையை மட்டும் எடுத்து வெட்டும், எழுத்து மெலிந்துபோகும். முதலில் கோட்டையே வடிவமாக மாற்ற வேண்டும். இல்லஸ்ட்ரேட்டரில் அவுட்லைன் ஸ்ட்ரோக், கோரலில் கண்ட்ரோல் ஷிஃப்ட் க்யூ, இங்க்ஸ்கேப்பில் ஸ்ட்ரோக் டு பாத்.

வெட்டிய பிறகு லோகோவை இரண்டு மில்லிமீட்டர் நகர்த்துங்கள் என்று வாடிக்கையாளர் சொன்னால் கதை முடிந்தது. அதனால் வெட்டுவதற்கு முன் ஒரு காப்பி எடுத்துப் பூட்டி வைப்பேன். இல்லஸ்ட்ரேட்டரில் ஆல்ட் பிடித்துக்கொண்டு மைனஸ் ஃப்ரண்டைச் சொடுக்கினால் உடனே வெட்டாமல் காம்பவுண்ட் ஷேப்பாக வைத்திருக்கும். உள்ளே இருக்கும் லோகோவை அப்புறமும் நகர்த்தலாம், கடைசியில் எக்ஸ்பேண்ட் கொடுத்தால் போதும்.

காம்பைன், அப்புறம் தமிழ் எழுத்தின் குறும்பு

கோரல் ஆட்களுக்குக் கை தானாகப் போவது கண்ட்ரோல் எல்லுக்கு, அதாவது காம்பைனுக்கு. இல்லஸ்ட்ரேட்டரில் கண்ட்ரோல் 8, காம்பவுண்ட் பாத். ஒற்றை நிறத்தில் ஒரு வட்டமும் அதன் மேல் ஒரு வடிவமும் இருந்தால் இரண்டையும் காம்பைன் செய்ததும் உள்ளே இருப்பது ஓட்டையாகிவிடும். ஆங்கில எழுத்துக்கு அருமையாக வேலை செய்யும். தமிழில்தான் காலை வாரும்.

காம்பைனின் கணக்கு ஒற்றைப்படை இரட்டைப்படைக் கணக்கு. ஒரு வடிவத்தின்மேல் இன்னொன்று விழுந்தால் ஓட்டை, அந்த ஓட்டையின்மேல் மூன்றாவது ஒன்று விழுந்தால் மறுபடியும் நிரம்பிவிடும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் கொக்கி, கொம்பு, கால் எல்லாம் தனித்தனித் துண்டுகள். 'கிருஷ்ணகிரி' என்று அடித்துக் கர்வ் செய்தால், அதாவது எழுத்தை வடிவமாக மாற்றினால், 'கி'யிலும் 'ரி'யிலும் கொக்கி உடல் எழுத்தோடு சேரும் இடத்தில் இரண்டு துண்டுகள் லேசாக ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கலாம். கறுப்பு எழுத்தாக இருக்கும்வரை அது கண்ணில் படாது. பழத்தோடு காம்பைன் செய்ததும், ஏறியிருந்த இடத்தில் மட்டும் மஞ்சள் நிரம்பி, எழுத்தின் நடுவே நகவெட்டு மாதிரி ஒரு சில்லு தெரியும். திரையை நூறு சதவீதத்தில் பார்த்தால் தெரியாது. பெட்டியில் தெரியும்.

தீர்வு எளிது. துளைப்பதற்கு முன் எழுத்துகள் அனைத்தையும் முதலில் ஒன்றாக ஒட்டிவிட வேண்டும். கோரலில் வெல்ட், இல்லஸ்ட்ரேட்டரில் யுனைட், இங்க்ஸ்கேப்பில் யூனியன். பிறகு காம்பைனோ டிரிம்மோ எது வேண்டுமானாலும். தமிழ் லோகோ என்றால் இந்த ஒரு படியை நான் தவிர்ப்பதே இல்லை.

எழுத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் புள்ளியையும் சொல்லிவிட வேண்டும். ரிவர்ஸில் விட்ட எழுத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் மை. மை கொஞ்சம் பரவத்தான் செய்யும். அட்டைப்பெட்டிக்கு ஓடும் ஃப்ளெக்ஸோ அச்சில் ரப்பர் போன்ற மெத்தென்ற பிளேட், அட்டையும் மையை உறிஞ்சும், எனவே இன்னும் கூடுதலாகப் பரவும். முதலில் பலியாவது மெய்யெழுத்தின் புள்ளி. 'மாங்கூழ்' என்று நாம் கொடுத்தது 'மாஙகூழ' என்று வரும். லேபிளுக்கு ஓடுவது ஆஃப்செட் அச்சு என்றாலும், மாம்பழ மஞ்சள் இரண்டு மைகளின் கலவை, இலைப் பச்சை வேறு இரண்டின் கலவை. பிளேட்டுகள் ஒரு மயிரிழை விலகினால் மெல்லிய எழுத்தின் ஒரு பக்கம் ஒரு நிறம் எட்டிப் பார்க்கும். அதனால் துளைக்கும் முன் லோகோவை இல்லஸ்ட்ரேட்டரில் ஆஃப்செட் பாத் வைத்து, கோரலில் கான்டூர் வைத்து, சற்றுத் தடிமனாக்கிவிடுகிறேன். அட்டைப்பெட்டிக்கு என் வழக்கம் சுற்றிலும் 0.2 மில்லிமீட்டர், புள்ளிக்கு மட்டும் அதைவிடக் கூடுதல். ஒரு பாயிண்டுக்கு, அதாவது சுமார் 0.35 மில்லிமீட்டருக்கு மெல்லிய கோடு எதையும் அட்டையில் ரிவர்ஸில் விடுவதில்லை. இது அச்சுக்காக மட்டும், மூல லோகோவில் கை வைப்பதில்லை.

ஓட்டை போட்ட சட்டம்

என் ஓட்டு இதற்குத்தான். பழத்தைத் தொடவே வேண்டாம். பழம் முழுவதையும் மூடும் அளவுக்கு ஒரு செவ்வகச் சட்டம் வரைந்து, அந்தச் செவ்வகத்தில் லோகோவை வெட்டி ஓட்டை போட்டுவிடுங்கள். பிறகு பழத்தின் பதினான்கு துண்டுகளையும் அந்தச் செவ்வகத்துக்குள் அடைத்துவிடுங்கள். கோரலில் பவர்கிளிப், இல்லஸ்ட்ரேட்டரில் செவ்வகத்தையும் லோகோவையும் காம்பவுண்ட் பாத் ஆக்கி மேலே வைத்துக் கண்ட்ரோல் 7. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் படம் இருப்பதைப் போல, ஓட்டை உள்ள இடத்தில் பழம் தெரியாது, மற்ற இடங்களில் தெரியும்.

எத்தனை துண்டு இருந்தாலும், மெஷ் இருந்தாலும், போட்டோவே இருந்தாலும் கவலை இல்லை. பழம் சேதப்படாமல் உள்ளே இருக்கும், நாளைக்கு இலையின் நிறத்தை மாற்றச் சொன்னால் உள்ளே போய் மாற்றலாம். இதில் டிரான்ஸ்பரன்சி, அதாவது அடியில் உள்ளது ஊடே தெரியும் விளைவு, எதுவும் கிடையாது, அதனால் பழைய பாணி பிடிஎஃப் கேட்கும் பிரஸ்ஸுக்கும் தயக்கமில்லாமல் அனுப்பலாம். பெட்டிக்கும் டின் லேபிளுக்கும் இதைத்தான் செய்தேன்.

இல்லஸ்ட்ரேட்டரில் இதைவிடச் சொகுசான வழி ஒன்று உண்டு. லோகோவின் ஒபாசிட்டியை, அதாவது அடர்த்தியை, பூஜ்யமாக்கி, பழத்தோடு குரூப் செய்து, டிரான்ஸ்பரன்சி பேனலில் நாக்அவுட் குரூப் என்ற கட்டத்தை டிக் செய்தால், கண்ணுக்குத் தெரியாத லோகோ கீழே உள்ள அனைத்தையும் துளைத்துவிடும். பேனலில் அந்தக் கட்டம் தெரியாவிட்டால் ஷோ ஆப்ஷன்ஸ் கொடுக்க வேண்டும். ஒரு சொடுக்கில் டிக் விழாமல் நடுவாந்திரமாக நின்றால் இன்னொரு சொடுக்கு. லோகோவை இழுத்தால் ஓட்டையும் கூடவே நகரும். வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து "இன்னும் கொஞ்சம் மேலே, கொஞ்சம் வலது பக்கம்" என்று கேட்டுக் கேட்டு நகர்த்துவதற்கு இதுபோல் சுகம் எதிலும் இல்லை. ஒபாசிட்டி மாஸ்க்கும் கிட்டத்தட்ட இதே குடும்பம். கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும், சாம்பல் அரைகுறையாக விடும். 'கிளிப்' டிக்கை எடுக்க மறந்தால் பழம் முழுவதும் மறைந்துபோகும். ஓரம் புகைபோல மங்க வேண்டுமானால்தான் எனக்கு மாஸ்க் தேவைப்படும்.

ஆனால் இவை இரண்டும் டிரான்ஸ்பரன்சியை நம்பி நிற்பவை. பிடிஎஃப்புக்குள் அது வந்ததே 2001-இல், 1.4 பதிப்பில்தான். பிடிஎஃப் எக்ஸ் 1ஏ என்ற அச்சுத் தரத்தில் இன்றும் அதற்கு இடமில்லை. ஃபைலை அந்தத் தரத்தில் சேமிக்கும்போது எல்லாம் தட்டையாக்கப்படும், சில இடங்கள் வெக்டராக, அதாவது கோட்டு வடிவமாக, இல்லாமல் புள்ளிகளாலான படமாக மாறிவிடக்கூடும். அதனால் எனக்கு இது டிசைன் மேசையில் மட்டும். இடம் முடிவானதும் சட்டத்துக்கு மாற்றிவிடுவேன்.

டெம்போ கண்ணாடியும் டீ-ஷர்ட்டும்

ஸ்டிக்கருக்கு வினைல் தாளை வெட்டும் பிளாட்டர் மெஷினுக்கு நிறமும் தெரியாது, ஒபாசிட்டியும் தெரியாது. பாதை எங்கே போகிறதோ அங்கே கத்தி போகும். வெள்ளை வைத்து மூடினால் மூடியையும் வெட்டும், அடியில் மறைந்திருக்கும் கோட்டையும் வெட்டும். நாக்அவுட் குரூப்பைக் கொடுத்தால் அடியில் ஓடும் கோடுகள் லோகோவைக் குறுக்கே கிழித்துக்கொண்டு போகும். சட்டத்துக்குள் அடைத்ததையும் கட்டிங் மென்பொருள் மதிக்கும் என்று நம்ப முடியாது. இங்கே பழத்தின் பதினான்கு துண்டுகளையும் யுனைட் செய்து ஒற்றை உருவமாக்கி, அதில் லோகோவை நிஜமாக வெட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இங்கும் தமிழ் எழுத்து தன் குணத்தைக் காட்டும். மூன்று சுழி 'ண'வைத் துளைத்தால், எழுத்தின் உடல் போய் சுழிக்குள் இருக்கும் கடுகளவு வினைல் மட்டும் தனியாக நிற்க வேண்டும். தேவையில்லாததை ஊசியால் உரித்து எடுக்கும்போது அதுவும் சேர்ந்து வந்துவிடும். வேண்டுமென்றே சுழியை அடைத்துவிடுவது நல்லது. படிப்பவர் கண் சுழியைத் தானே போட்டுக்கொள்ளும்.

டீ-ஷர்ட்டில் கேள்வி வேறு. படலத்தில் அச்சடித்துத் துணியில் ஒட்டும் டிடிஎஃப் முறையில் நிறங்களுக்கு அடியில் வெள்ளை மை உண்மையாகவே விழும். ஃப்ளெக்ஸில் மை இல்லை என்று பொருள்பட்ட அதே வெள்ளை, இங்கே பளிச்சென்று வெள்ளையாக வரும். அவர் எடுத்திருப்பது கரும்பச்சை டீ-ஷர்ட். துணி தெரிய வேண்டுமானால் ஓட்டை, வெள்ளை லோகோ வேண்டுமானால் வெள்ளை. முடிவை அவரிடமே விட்டேன், ஓட்டை என்றார். பின்னணி இல்லாத பிஎன்ஜியாக எடுத்துக் கொடுத்தேன்.

எதை அனுப்பினாலும் அதற்கு முன் ஒரு சோதனை உண்டு. எல்லாவற்றுக்கும் அடியில் அடர் ஊதா நிறத்தில் ஒரு பெரிய செவ்வகத்தைப் போட்டுப் பார்ப்பேன். லோகோவின் வழியாக ஊதா தெரிந்தால் ஓட்டை, வெள்ளை தெரிந்தால் மூடி. எழுத்துக்குள் சில்லு ஏதாவது நிரம்பியிருந்தாலும் அப்போதே கண்ணில் பட்டுவிடும். ஊதாவை எடுக்க மறந்து ஒருமுறை அனுப்பியும் இருக்கிறேன், அது வேறு கதை.

கடைசியாக நின்றது கண்ணாடி ஸ்டிக்கர். ஓர் அடி அகலப் பழத்தில் லோகோ உள்ளங்கையளவு, அதில் வளைய எழுத்தின் உயரம் ஆறு மில்லிமீட்டருக்கும் கீழே. 'மாவட்டம்' என்பதிலேயே இரண்டு புள்ளிகள், ஊசியால் எடுக்க முடிகிற அளவில் இல்லை. போன் செய்து விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி, கண்ணாடியில வேணாம் தம்பி. பெட்டியில மட்டும் அப்படியே இருக்கட்டும்" என்றார்.